பேர் வெட்டின தட்டு

ஊத்துப்பாறை மடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார்கள். கவலையைத் தவிர வேறு மூட்டை இருக்காது. சௌந்தரவல்லி டீச்சர் மட்டும் மூன்று சாக்கு நிறையப் பாத்திரங்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

டீச்சருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். மடத்தில் இருந்த கம்பளிச் சாமிக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர் என்று ஊரில் சொல்வார்கள். அவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மதியம் சோறு பொங்கிப் போடுவது அவர் வேலை. ஜடையும் தாடியும் எதிர்பார்த்து வந்த டீச்சருக்கு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் சப்பென்று போய்விட்டது.

இருந்தாலும் சாக்கை அவிழ்த்தார். குண்டான், தூக்கு, டம்ளர், கரண்டி. எல்லாம் எவர்சில்வர். எதுவும் அடுப்பையே பார்க்காதது. ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: ப. சௌந்தரவல்லி, எம்.ஏ., பி.எட்.

சாமி ஒரு டம்ளரைத் தூக்கிப் படித்தார்.

"டம்ளரும் பி.எட். முடிச்சிருக்கா?"

"என் மகளும் இப்படித்தான் கேட்பா," என்றார் டீச்சர். சிரிக்கவில்லை.

அந்த மகள் பேர் மதுரவாணி. டீச்சருக்கு ஒரே பிள்ளை. அவளுக்குச் சீர் கொடுக்கத்தான் அவள் பிறந்த வருஷத்திலிருந்து அத்தனை பாத்திரமும் சேர்த்தது. கொடுக்கிறவர் பேரை வெட்டிக் கொடுப்பதுதானே நம் ஊர் வழக்கம்? டீச்சர் பட்டத்தையும் சேர்த்து வெட்டினார், அவ்வளவுதான்.

வாணியோ, வீட்டுக்கு ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் சகாயராஜைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சொல்லாமல் போகவில்லை. எதிரே நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஓடிப்போயிருந்தால்கூட டீச்சர் மன்னித்திருப்பாரோ என்னவோ, சொல்லிவிட்டுப் போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. சீர் சாக்கிலேயே கிடந்தது. ஆறு வருஷம் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை முற்றி வாணி செத்துப்போனாள். முப்பது வயது. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. டீச்சர் அதைத் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

பாத்திரங்களை மடத்துக்குக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தார்.

"சாமி, என் மக என்னுடையவளா, அவனுடையவளா?"

சாமி உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டார்.

"எனக்கு இந்த 'உடைய' சமாச்சாரம் எல்லாம் பிடிபடாது டீச்சரம்மா. நீங்க இங்கிலீஷ்ல அதைத்தானே முப்பத்தாறு வருஷம் நடத்தினீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க. கத்துக்கிட்டுச் சொல்றேன்."

கேட்க வந்தவர் நடத்தும்படி ஆயிற்று. டீச்சர் மடத்தில் ஓர் அறையில் தங்கிக்கொண்டார். சீடரென்று சேர்ந்தவர் அவர், பாடம் படிக்க உட்கார்ந்தவர் சாமி.

மதியம் பந்தி முடிந்து, சட்டி கழுவிக் கவிழ்த்த பிறகு பாடம். முதல் நாள் டீச்சர் கரித்துண்டால் தரையில் எழுதினார்.

"இது அப்பாஸ்ட்ரஃபி. இதுக்குப் பின்னாடி ஒரு எஸ். ஒருத்தர் பேருக்கு அடுத்தாப்ல இதைப் போட்டா, அடுத்து வர்ற சாமான் அவங்களுடையதுன்னு அர்த்தம்."

"கமா மாதிரி இருக்கு."

"கமா கீழ உட்காரும். இது மேல தொங்கும்."

"எதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது?"

"எதையும் பிடிக்காது."

"அப்ப விழுந்துராதா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. இப்படிக் கேட்ட எத்தனையோ பேரை அவர் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். சாமியாரை எந்தப் பெஞ்சில் ஏற்றுவது?

"அது விதி சாமி. விதியைக் கேள்வி கேட்கக்கூடாது."

"சரிங்க டீச்சர்," என்றார் சாமி, நல்ல பிள்ளையாக.

இரண்டாம் வாரம் பெரிய விதிக்கு வந்தார்கள்.

"உயிருள்ளதுக்கு எஸ். உயிரில்லாததுக்கு ஆஃப். பையனோட கால்னா எஸ் போடணும். நாற்காலியோட கால்னா ஆஃப் போடணும். மாத்திப் போட்டா மார்க் கிடையாது."

"மாட்டோட வால்?"

"எஸ்."

"மலையோட உச்சி?"

"ஆஃப்."

"நம்ம ஓடையோட தண்ணி?"

"ஆஃப்தான். அது ஓடினாலும் உயிர் கிடையாது."

"செத்துப்போனவங்களோட சாமான்?"

டீச்சரின் கையில் இருந்த கரித்துண்டு நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை.

"அதுக்கு எஸ்தான்."

"அவங்களுக்குத்தான் உயிர் இல்லையே?"

"இல்லாட்டியும் எஸ்தான் போடுவாங்க."

"யாரு போடுவாங்க?"

"இருக்கிறவங்க," என்றார் டீச்சர்.

அதற்கு மேல் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு டீச்சர் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். தலை வலிக்கவில்லை.

மறுநாள் அவரே உற்சாகம் வரவழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உடைமையைப் பிள்ளைகளுக்குத் தான் எப்படிப் பதிய வைத்தேன் என்று சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அது பேர்போன முறை.

"தொலைஞ்ச சாமான் எது கிடைச்சாலும் கையில தூக்கிக் காட்டுவேன். 'ஹூஸ் இஸ் திஸ்?'னு கேட்பேன். உரியவங்க எழுந்து நின்னு, 'இட் இஸ் மைன், மிஸ்'னு தப்பில்லாமச் சொல்லணும். சொன்னா உடனே கையில குடுத்துருவேன்."

"சொல்ல வரலைன்னா?"

"அலமாரிக்குப் போயிரும். சொல்லக் கத்துக்கிட்டு வந்து வாங்கிக்கலாம்."

"வந்து வாங்கினாங்களா?"

"கொஞ்சப் பேர் வாங்கினாங்க."

"மிச்சப் பேர்?"

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஓய்வு பெற்ற அன்னைக்கு அலமாரியைத் திறந்தோம். குடையே நாப்பதுக்கு மேல இருந்துச்சு. ஜாமெட்ரி பாக்ஸ், செருப்பு, ஒரு ஒத்தைக் கொலுசு. டிபன் பாக்ஸ் ஒண்ணைத் திறந்தா உள்ள சோறு கரியாக் கிடந்துச்சு. யாரு பிள்ளையோ, அன்னைக்குப் பட்டினி கிடந்திருக்கும்."

"என் மக குடையும் அதுல இருந்துச்சு. ஏழாவது என்கிட்டதான் படிச்சா. வகுப்புல குடையைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன். அவளுக்கு அந்த வாக்கியம் தலைகீழாத் தெரியும். வாயே திறக்கலை. பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. நானும் விடலை. அலமாரியில வச்சுப் பூட்டினேன். அன்னைக்குன்னு பார்த்து மழை. தொப்பலா நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா. 'ஏண்டி சொல்லலை?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அது யாருதுன்னு உனக்குத்தான் தெரியுமேம்மா'ன்னா."

சாமி எழுந்து போய் அடுத்த நாளைக்கு அரிசி புடைக்க ஆரம்பித்தார்.

ஒரு தடவை வாய் திறந்தால் எல்லாம் கொட்டும் என்பார்கள். இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, கேட்காமலே டீச்சர் மிச்சத்தையும் சொன்னார். யாரிடமும் சொல்லாதது.

"சாமி, சாவு வீட்டுக்கு நான் போனேன்."

"ம்."

"எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகை வரலை. என் பிள்ளை கிடக்கா, நான் என்னமோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவ மாதிரி வீட்டைச் சுத்திப் பார்க்கிறேன். அடுப்படியில பாத்திர ஸ்டாண்டுல ஒரு தட்டு இருந்துச்சு. என் தட்டு. அவளுக்கு அஞ்சு வயசுல வாங்கினது. சாக்குல கட்டின எதையும் அவ தொடலை, போறப்ப இதை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கா. கேட்காம."

"ம்."

"நான் அதைக் கையில எடுத்துக்கிட்டு நடுவீட்டுக்கு வந்து, 'இது என் தட்டு, பேர் இருக்கு பாருங்க'ன்னேன்."

சாமி ஒரு கீரைத்தண்டை ஒடித்தார்.

"அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க. யாரோ ஒரு பொம்பளை தட்டை வாங்கி உள்ள வச்சுட்டு, என்னைக் கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டு வந்து விட்டாங்க. என் பிள்ளையை எடுக்கும்போது நான் தெருமுனையில நின்னுக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. கீரையையே பார்த்தார்.

"அதோட விட்டீங்களா?"

"விடலை. போன வாரம் அவனுக்கு ஒரு கார்டு போட்டிருக்கேன். இந்த மடத்து விலாசம் போட்டு, தட்டைத் திருப்பித் தரச் சொல்லி."

"எந்த பாஷையில?"

"இங்கிலீஷ்ல."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது."

சாமி ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போனார். திட்டியிருந்தால் டீச்சருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மதியம் சகாயராஜ் வந்தான். பந்தி முடிகிற நேரம். தோளில் ஒரு துணிப்பை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். டீச்சருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் தூணை ஒட்டி நின்றுகொண்டார்.

"வாங்க தம்பி. கை கழுவிட்டு உட்காருங்க," என்றார் சாமி.

"இல்லைங்க சாமி. புள்ளையப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். மூணு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ராத்திரிதான்."

பையிலிருந்து ஒரு சின்னத் துண்டு சுற்றிய பொருளை எடுத்தான். துண்டில் வாத்துப் படம் போட்டிருந்தது. டீச்சர் கையில் கொடுக்கவா, தரையில் வைக்கவா என்று தெரியாமல் நின்றான். அத்தை என்று கூப்பிட அவனுக்கு உரிமை இருந்தது. நாக்கு எழவில்லை.

"டீச்சர், கார்டை மெடிக்கல் கடைக்காரர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அதான் லேட்டு. தப்பா எடுத்துக்காதீங்க."

டீச்சர் வாங்கிக்கொண்டார். "தபால்ல அனுப்பியிருக்கலாமே," என்றார்.

"வாணி சொல்லியிருந்துச்சு. அம்மா என்னைக்காச்சும் இதைக் கேட்பாங்க, கேட்டா நீங்களே நேர்ல கொண்டுபோய்க் குடுங்கன்னு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுச் சொன்னது."

"புள்ளை எப்படியிருக்கு தம்பி?" என்று கேட்டவர் சாமிதான்.

"நல்லாத்தான் இருக்கு சாமி. சாப்பாட்டுக்குத்தான் கொஞ்சம் மல்லுக்கு நிக்குது. கார்டு வந்ததும் தட்டை எடுத்துக் கட்டி வச்சேன், வேற தட்டுல பழகட்டுமேன்னு. ரெண்டு நாளாச்சு. வாயைத் திறக்க மாட்டேங்குது."

"தட்டுல அப்படி என்ன இருக்கு?"

சகாயராஜ் ஒரு தடவை டீச்சரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"விளிம்புல பேர் வெட்டியிருக்குல்ல சாமி. வாணி ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுக் காட்டி, ஒரு எழுத்துக்கு ஒரு வாய்னு ஊட்டும். 'இது ஆச்சியோட ப', ஒரு வாய். 'இது ஆச்சியோட சௌ', ஒரு வாய். எம்.ஏ., பி.எட். வரைக்கும் வந்தாத்தான் சோறு முடியும். வாணி போனதுக்கப்புறம் நானும் அப்படியே ஊட்டிப் பழக்கிட்டேன். என் தப்புதான். பழகிரும் சாமி. புள்ளைங்கதானே."

குனிந்து சாமியைக் கும்பிட்டான். டீச்சரைப் பார்த்து, கும்பிடவும் இல்லாமல் கும்பிடாமலும் இல்லாமல் கையை அரைகுறையாகத் தூக்கினான். "வரேங்க," என்றான். சரிவில் இறங்கி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

டீச்சர் துண்டை விரித்தார்.

அவர் வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்த தட்டு. இப்போது கீறல் விழுந்து மங்கிப்போய் இருந்தது. விளிம்பில் பேரும் தேய்ந்திருந்தது. பாத்திரம் துலக்கித் தேய்ந்தது கொஞ்சம். மற்றது விரல் பட்டுத் தேய்ந்தது. முப்பத்தாறு வருஷம் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு அவர் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்! அவர் பேரை எழுத்துக் கூட்டி ஒரு பிள்ளை இத்தனை நாளாகச் சோறு தின்றிருக்கிறது. இன்றைக்கு வரை அது அவருக்குத் தெரியாது. ஆறு வருஷம் தன்னோடு பேசாத மகள், ஒரு நாளைக்கு மூன்று வேளை தன் பேரைச் சொல்லியிருக்கிறாள். அதுவும் தெரியாது.

அவர் தட்டை ஏந்திக்கொண்டு சாமியிடம் வந்தார்.

"சாமி, ஒரு மாசமா நான் சொல்லிக் குடுத்தாச்சு. நீங்களும் படிச்சாச்சு. இப்பவாவது சொல்லுங்க. அவ யாருடையவ?"

"மணி ரெண்டாகப் போகுது. நீங்க இன்னும் சாப்பிடலையே," என்றார் சாமி.

தட்டை வாங்கினார். கழுவினார். அடிச்சட்டியில் இருந்த சோற்றை அள்ளி வைத்து ரசம் ஊற்றினார். ஓரத்தில் கொஞ்சம் கீரை. பலகையைப் போட்டு, தட்டை டீச்சருக்கு முன்னால் வைத்தார்.

"இதுலயா?" என்றார் டீச்சர்.

"உங்க தட்டுதானே? பேர் இருக்கு. கேட்டு வாங்கியிருக்கீங்க. சாப்பிடுங்க."

டீச்சர் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தை எடுத்தபோது கண் தானாக விளிம்புக்குப் போயிற்று. ப. கவளத்தை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

இரண்டாவது கவளத்தை எடுத்தார். சௌ. அந்த எழுத்தின் கொம்பு பாதிக்கு மேல் அழிந்திருந்தது. கை பாதியில் நின்றது. வாயில் இருந்ததே இன்னும் உள்ளே போகவில்லை. சாவு வீட்டில் வராத அழுகை, எட்டு மாதம் கழித்து, சோற்றுக் கையோடு உட்கார்ந்திருக்கும்போது வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. கண்ணீர் ரசத்தில் விழுந்தது. சின்னப் பிள்ளை போல வாயைத் திறந்து அழுதார்.

சாமி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ச் செம்பை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

டீச்சர் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"இறங்க மாட்டேங்குது சாமி."

"அங்கயும் ரெண்டு நாளா இறங்கலையாமே டீச்சரம்மா," என்றார் சாமி.